தாருல் ஹர்பிலிருந்து உடன்படிக்கைக்கு: கொல்கத்தாவின் இஸ்லாமிய அரசியல் சிந்தனை (1870 – 1922)

முன்னுரை

ஆட்சி தம் கையில் இல்லாத ஒரு நாட்டில் முஸ்லிம்கள் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்னும் வினா, இந்திய இஸ்லாமியச் சிந்தனையை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. இவ்வினாவுக்கு விடை தேடிய இடங்களாகத் தில்லி, அலிகர், தேவ்பந்த் ஆகியவற்றையே பெரும்பாலும் சுட்டுவர். 1911 வரை பிரித்தானிய இந்தியாவின் தலைநகராக விளங்கிய கொல்கத்தா அந்த அளவிற்குத் தமிழ் ஆய்வுலகின் கவனத்தைப் பெறவில்லை. 1870இல் அந்நகரில் நிகழ்ந்த ஒரு மார்க்க விவாதம் 'நாட்டை ஆள்பவர் யார்' என்னும் வினாவை மையமாகக் கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே நகரத்து அறிஞர் ஒருவர் 'உடன் வாழ்பவர் யார், அவரோடு முஸ்லிம்களுக்குள்ள உடன்படிக்கை யாது' என்று வினவினார். வினாவில் நேர்ந்த இந்த இடமாற்றமே கொல்கத்தா இந்திய இஸ்லாமியச் சிந்தனைக்கு அளித்த பங்களிப்பு என்பதையும், அப்பங்களிப்பின் எல்லைகள் யாவை என்பதையும், இன்றைய முஸ்லிம்கள் எதிர்கொள்ளும் அரசியல் சிக்கல்களை விளங்கிக்கொள்ள அது எங்ஙனம் துணைசெய்கிறது என்பதையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

1. வரலாற்றுப் பின்புலம்

1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தா மதரசாவை நிறுவினார். நீதிமன்றங்களுக்கு வேண்டிய இஸ்லாமியச் சட்ட அறிஞர்களை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். ஆட்சி கைமாறிய பின்னும் சட்டமும் ஆவண மொழியும் சிலகாலம் பழைய நிலையிலேயே நீடித்தன. 1793இன் நிலையான நிலவரித் திட்டம் நிலவுடைமையை மாற்றியமைத்தது. 1837இல் பாரசீகம் அலுவல் மொழித் தகுதியை இழந்தது. இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து முஸ்லிம் மேட்டுக்குடியினரின் வாழ்வாதாரத்தைத் தாக்கின.

இக்காலத்தில் எழுந்த சமய விடைகள் இஸ்லாமியச் சட்ட நூல்களின் இரு கலைச்சொற்களைச் சுற்றி அமைந்தன. இஸ்லாமியச் சட்டம் நிலவும் நாடு 'தாருல் இஸ்லாம்' எனவும், அது நிலவாத பகைநாடு 'தாருல் ஹர்ப்' எனவும் அந்நூல்களில் வழங்கப்பெறும். 1803இல் ஆங்கிலேயர் தில்லியைக் கைப்பற்றிய பின் ஷா அப்துல் அஜீஸ் அந்நாட்டைத் தாருல் ஹர்ப் என்றார். கீழை வங்காளத்தில் ஹாஜி ஷரீஅத்துல்லா (1781 – 1840) தொடங்கிய பராயிஸி இயக்கத்தார், முஸ்லிம் ஆட்சியில்லாத நாட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையும் பெருநாள் தொழுகையும் கூடா எனக் கொண்டு அவற்றை நிறுத்தினர். அவர் மகன் தூது மியான் (1819 – 1862), நிலம் இறைவனுடையது, அதன்மீது நிலக்கிழார் தம் விருப்பப்படி வரி விதிக்க உரிமையற்றவர் என்று உழவரிடையே பரப்பினார். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள நாரிகேல்பேரியாவில் மூங்கில் கோட்டை கட்டிப் போரிட்ட தித்து மீர் 1831இல் கொல்லப்பட்டார். இவ்வியக்கங்களில் மார்க்கச் சொல்லும் நிலச்சிக்கலும் பிரிக்கவியலாதபடி பிணைந்திருந்தன. இப்பிணைப்பைப் பின்வந்த நகரத்து அறிஞர்கள் பெரும்பாலும் கைவிட்டனர் என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் பயன்படும் செய்தியாகும்.

2. 1870ஆம் ஆண்டு விவாதம்

நவாப் அப்துல் லத்தீப் (1828 – 1893) 1863இல் கொல்கத்தாவில் முகமதிய இலக்கியக் கழகத்தை நிறுவினார். முஸ்லிம்களுக்கு ஆங்கிலக் கல்வியின் தேவையை உணர்த்துவதும், அரசுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த ஐயத்தைப் போக்குவதும் அதன் நோக்கங்களாக இருந்தன. 1857க்குப் பின்னர் ஆங்கில அரசு முஸ்லிம்களை ஐயக்கண் கொண்டு நோக்கிவந்தது. வட மேற்கு எல்லைப்புறத்திலிருந்த போராளிகளுக்கு வங்காளத்திலிருந்து பொருளுதவி செல்கிறது என்னும் குற்றச்சாட்டில் வழக்குகள் நடைபெற்றன. ஓர் இந்திய முஸ்லிம் தன் சமயத்தால் அரசியாரை எதிர்க்கக் கட்டுப்பட்டவனா என்னும் வினா ஆட்சியாளரிடையே எழுந்தது. 1871இல் வில்லியம் வில்சன் ஹண்டர் எழுதிய 'இந்திய முசல்மான்கள்' என்னும் நூல் இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே.

இச்சூழலில் 1870 நவம்பரில் இலக்கியக் கழகத்தின் கூட்டத்தில் ஜவுன்பூரைச் சேர்ந்த மௌலவி கராமத் அலி உரையாற்றினார். அபூ ஹனீபாவின் சட்டமரபின்படி, ஒரு நாடு தாருல் ஹர்பாக மாறுவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். இஸ்லாமல்லாத சட்டம் வெளிப்படையாக நடைமுறைக்கு வருதல், அந்நாடு மற்றொரு தாருல் ஹர்பை ஒட்டி அமைதல், முன்பிருந்த பாதுகாப்பு அங்குள்ள முஸ்லிம்களுக்கு இல்லாது போதல் என்பன அவை. தொழுகையும் திருமண, வாரிசுரிமைச் சட்டங்களும் தடையின்றி நடைபெறும் இந்தியாவில் இந்நிபந்தனைகள் நிறைவேறவில்லை. ஆகவே இது தாருல் இஸ்லாமே. இங்கு அரசுக்கு எதிராகப் போரிடுவது சமயத்திற்கு உடன்பாடன்று என்பது அவ்வுரையின் சாரமாகும்.

வடஇந்திய மார்க்க அறிஞர் சிலரும் அதே காலத்தில் போர் கூடாது என்றே தீர்ப்பளித்தனர். ஆயின் அவர்கள் கூறிய காரணம் வேறு. ஆள்பவர் பாதுகாப்பு அளித்துள்ளனர். அந்தப் பாதுகாப்பை ஏற்று வாழ்பவர் அதனை முறித்தல் ஆகாது என்பது அவர்தம் வாதம். இத்தீர்ப்பு இந்தியாவைத் தாருல் ஹர்பாகக் கொண்டே வழங்கப்பட்டது என ஹண்டர் விளக்கினார். அங்ஙனமாயின், எதிரெதிரான இரு முற்கோள்களிலிருந்து ஒரே முடிவு பெறப்பட்டதாகிறது. 'ஆள்பவர் யார்' என்னும் அளவுகோல் அரசியல் நடத்தையைத் தீர்மானிக்கும் ஆற்றலை அப்போதே இழந்துவிட்டது என்பதற்கு இது தக்க சான்று எனலாம். அன்றியும், 1870இன் விவாதம் முழுவதும் ஆங்கில அரசுக்கும் முஸ்லிம்களுக்கும் இடைப்பட்டதாகவே அமைந்தது. வங்காளத்தில் முஸ்லிம்களோடு சேர்ந்து வாழ்ந்த இந்துக்கள் அதில் ஒரு தரப்பாகவே இடம்பெறவில்லை.

3. அமீர் அலியின் வரலாற்று நோக்கு

கொல்கத்தாவின் அடுத்த தலைமுறைச் சிந்தனையாளராகச் சையத் அமீர் அலியை (1849 – 1928) குறிப்பிடலாம். ஹூக்ளியில் கல்வி பெற்று, வழக்கறிஞராகி, 1890இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானவர் இவர். 1877இல் இவர் நிறுவிய தேசிய முகமதிய சங்கம், கல்வியோடு நில்லாமல் அரசியல் கோரிக்கைகளையும் முன்வைத்தது. 1891இல் வெளிவந்த இவரது 'இஸ்லாத்தின் ஆன்மா' என்னும் ஆங்கில நூல், நபிகள் நாயகத்தின் வாழ்வையும் இஸ்லாமிய நாகரிகத்தையும் பகுத்தறிவு, சமத்துவம், அறிவியல் முன்னேற்றம் ஆகியவற்றின் வரலாறாக விளக்கியது. சட்டநூல்களின் பிரிவுகளுக்கு அப்பால் வரலாற்றை நோக்கி இஸ்லாமியச் சிந்தனையைத் திருப்பியமை இவரது சிறப்பாகும்.

எனினும் இவரது எழுத்து ஐரோப்பிய வாசகரையும் ஆங்கிலம் கற்ற முஸ்லிமையும் முன்னிறுத்தி அமைந்தது. அரசியலில், முஸ்லிம்களின் நலன் ஆங்கில அரசின் ஆதரவோடு தனியே பேணப்படவேண்டும் என்னும் நிலைப்பாட்டை அவர் மேற்கொண்டார். வாழ்வின் இறுதிக்காலத்தில் இந்நோக்கின் முரண் ஒன்று வெளிப்பட்டது. 1923இல் அமீர் அலியும் ஆகாகானும் இலண்டனிலிருந்து துருக்கி அரசுக்குக் கலீபாவின் தகுதியைப் பேணுமாறு கடிதம் எழுதினர். அந்நியத் தலையீடாக அது அங்கே கருதப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கி கிலாபத்தையே ஒழித்தது. தாம் வாழும் மண்ணோடு உறவை வரையறுத்துக்கொள்ளாத சிந்தனை, தொலைவிலுள்ள ஓர் ஆட்சியின் முடிவுக்கு ஆட்பட நேரும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

4. 'அல்-ஹிலால்' தோற்றுவித்த மாற்றம்

1888இல் மக்காவில் பிறந்து, கொல்கத்தாவில் வளர்ந்தவர் அபுல் கலாம் ஆசாத். இவர்தம் தந்தையார் மௌலானா கைருத்தீன் கொல்கத்தாவில் பெருந்தொகையான சீடர்களைக் கொண்டிருந்த சூஃபி வழிகாட்டியாவார். மரபுவழிக் கல்வியை வீட்டிலேயே முடித்த மகன், முன்னோர் கூறியதை ஆராயாது பின்பற்றும் 'தக்லீத்' என்னும் போக்கிலிருந்து விலகினார். விடுதலை பெற்றவர் எனப் பொருள்படும் 'ஆசாத்' என்னும் புனைபெயர் இவ்விலகலைக் குறிப்பதாகும். வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்துப் புரட்சியாளர் சிலரோடு தொடர்பு கொண்டதையும், முஸ்லிம்கள் விடுதலைக்கு எதிரானவர்கள் என அவர்கள் கருதியதையும் அவரே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் கூறியுள்ளார்.

1912 ஜூலை 13ஆம் நாள் கொல்கத்தாவிலிருந்து 'அல்-ஹிலால்' என்னும் உருது வார இதழ் வெளிவரத் தொடங்கியது. கல்லச்சு முறையே பெருவழக்காயிருந்த உருது இதழுலகில், அச்செழுத்துகளாலும் நிழற்படங்களாலும் அது புதுமை படைத்தது. இரண்டாண்டுகளுக்குள் வாரந்தோறும் 26,000 படிகள் விற்பனையாயின என ஆசாத் குறிப்பிடுகிறார். பால்கன் போர்களும் துருக்கியின் இழப்புகளும் அவ்விதழில் விரிவாக இடம்பெற்றன. அலிகர் மரபின் அரசுச் சார்பை அது கடுமையாகத் தாக்கியது. அந்நிய ஆட்சிக்குப் பணிதல் முஸ்லிமின் இறைநம்பிக்கைக்கே முரணானது என்னும் கருத்து அதன் அடிநாதமாகும்.

இதனால் 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் முதலில் 2,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் பிணைத்தொகையாகக் கேட்கப்பட்டன. 1914 நவம்பரில் இதழ் நின்றது. 1915இல் தொடங்கிய 'அல்-பலாக்' இதழும் நீடிக்கவில்லை. 1916 ஏப்ரலில் வங்காளத்தைவிட்டு வெளியேற ஆணையிடப்பட்ட ஆசாத், ராஞ்சியில் 1919ஆம் ஆண்டின் இறுதிவரை காவலில் வைக்கப்பட்டார்.

'அல்-ஹிலால்' காலத்து ஆசாத்தைப் பிற்கால ஆசாத்தாகவே காண்பது வரலாற்றுப் பிழையாகும். தொடக்கத்தில் அவர், முஸ்லிம்களின் அரசியல் வழி திருக்குர்ஆனிலிருந்தே பெறப்படவேண்டும்; எந்தக் கட்சியையும் பின்பற்றவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்றே எழுதினார். 'ஹிஸ்புல்லா' என்னும் சமய அமைப்பை உருவாக்கவும் முயன்றார். விடுதலை வேட்கை அவரிடம் இருந்தது. இந்துக்களோடு கூடிய அரசியலுக்கான முழுமையான சமய அடிப்படை அப்போது உருப்பெறவில்லை.

5. கிலாபத்தும் ஹிஜ்ரத்தும்

1920 பிப்ரவரி இறுதியில் கொல்கத்தாவில் நடைபெற்ற வங்காள மாகாணக் கிலாபத் மாநாட்டில் ஆசாத் தலைமையுரை நிகழ்த்தினார். கிலாபத்தின் சட்ட அடிப்படைகளை விளக்கும் நூலாக அவ்வுரை பின்னர் அறியப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் லாலா லஜபதி ராய் தலைமையில் கொல்கத்தாவில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாடு, காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றது. கிலாபத்துக் கோரிக்கையும் பஞ்சாப் படுகொலைக்கு நீதியும் அத்தீர்மானத்தில் இணைந்து நின்றன. தமிழகத்தில் யாகூப் ஹசன் போன்றோர் இவ்வியக்கத்தை முன்னெடுத்துச் சிறை சென்றனர்.

இதே 1920இன் கோடைக்காலத்தில்தான் ஹிஜ்ரத் இயக்கமும் நிகழ்ந்தது. சமயக் கடமைகளை நிறைவேற்ற இயலாத நாட்டிலிருந்து குடிபெயர்தல் கடமை என்னும் கருத்தின்படி, பல்லாயிரம் முஸ்லிம்கள் நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுவிட்டு ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டனர். ஆசாத்தும் ஹிஜ்ரத்தை ஆதரித்து மார்க்கத் தீர்ப்பு வழங்கியிருந்தார். ஆகஸ்டில் ஆப்கன் அரசு வருகையைத் தடுத்தது. பலர் வழியில் மாண்டனர். திரும்பியவர் உடைமை இழந்து வறியராயினர். எல்லைப்புறத்து ஏழை உழவரே இதனால் பெரிதும் துன்புற்றனர்.

இந்நிகழ்வை ஆசாத்தின் வாழ்வில் ஒரு சறுக்கல் என்று மட்டும் கொள்வதற்கில்லை. நாட்டை ஆள்பவரைக் கொண்டு தாருல் ஹர்ப், தாருல் இஸ்லாம் என வகுக்கும் பழைய சிந்தனை தன் இறுதி எல்லைவரை செல்லுமாயின், குடிபெயர்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கோடிக்கணக்கான மக்கள் குடிபெயர்தல் இயலாது. அங்ஙனமாயின் எஞ்சியிருந்து வாழ்வோர்க்குரிய சமய நெறி யாது என்னும் வினா தவிர்க்கவியலாததாயிற்று.

6. மதீனா உடன்படிக்கை: வினாவின் இடமாற்றம்

அவ்வினாவுக்கான விடையை ஆசாத் நபிகள் நாயகத்தின் வாழ்விலிருந்தே பெற்றார். 1921இல் ஆக்ராவில் கூடிய கிலாபத் மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த நபிகளார் அங்குள்ள குலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சான்றாகக் காட்டினார். இந்திய முஸ்லிம்கள் தம் நாட்டு இந்துக்களோடு சேர்ந்து ஒரே சமூகமாக நின்று அந்நிய ஆட்சியை எதிர்ப்பது, அவ்வுடன்படிக்கையின் வழிப்பட்ட செயலே என்பது அவர் வாதமாகும். இதற்குத் துணையாகத் திருக்குர்ஆனின் அறுபதாம் அத்தியாயத்தையும் அவர் எடுத்தாண்டார். சமயத்தின் பொருட்டுப் போரிட்டு, வீட்டைவிட்டு வெளியேற்றுவோர் ஒரு வகையினர். அவ்வாறு செய்யாத பிற சமயத்தார் மற்றொரு வகையினர். பின்னவரோடு நன்மையும் நீதியும் பாராட்டி வாழ்வதற்குத் தடையில்லை என்பது அவ்விடத்துப் பொருள்.

இவ்வுடன்படிக்கையின் பாடம், இப்னு இஸ்ஹாக் இயற்றிய நபி வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இப்னு ஹிஷாம் தொகுத்த நூலில் காணப்படுகிறது. இறைநம்பிக்கையாளரும் அவரைச் சார்ந்தோரும் ஒரே சமூகம் என்னும் பொருளில் 'உம்மத்துன் வாஹிதா' என்னும் தொடர் அதன் தொடக்கத்தில் வருகிறது. யூதக் குலத்தாரைச் சுட்டும் பகுதி, அவர்கள் நம்பிக்கையாளரோடு ஒரு சமூகம் எனவும், அவரவர்க்கு அவரவர் சமயம் எனவும் கூறுகிறது. யூதர்களும் அந்த ஒரே சமூகத்தின் உறுப்பினரா, அன்றி அதனோடு உடன்பட்டு நிற்கும் தனிச் சமூகத்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பின்னாளில் அந்தக் குலங்களோடு போர் மூண்டமையையும் மறுப்பாளர் எடுத்துக்காட்டுவர். ஆசாத் இப்பாடத்தை விரிந்த பொருளில் கொண்டார் என்பதில் ஐயமில்லை. பாடத்தின் பொருள் எவ்வாறாயினும், அவர் எழுப்பிய வினா புதியதாகும்.

1870இல் முஸ்லிமின் அரசியல் கடமை ஆள்பவரோடு அவனுக்குள்ள உறவால் அளக்கப்பட்டது. 1921இல் அது அண்டை அயலாரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையால் அளக்கப்பட்டது. முன்னதில் நாடு ஒரு சட்டப் பிரிவு. பின்னதில் அது சேர்ந்து வாழும் மக்கள். 1938இல் மௌலானா ஹுசைன் அகமது மதனி கூட்டுத் தேசியம் குறித்து எழுதிய நூலும், 1940இல் ராம்கர் காங்கிரசில் ஆசாத் ஆற்றிய தலைமையுரையும் இம்மாற்றத்தின் வளர்ச்சிகளே.

7. நீதிமன்ற உரை

1921 டிசம்பர் 10ஆம் நாள் ஆசாத் கொல்கத்தாவில் கைதுசெய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் அந்நகரின் மிர்சாபூர்ப் பூங்காவில் ஆற்றிய இரு சொற்பொழிவுகளுக்காக அரசுப்பகைக் குற்றம் சாட்டப்பட்டது. 1922 ஜனவரியில் அவர் அளித்த எழுத்துவடிவ வாக்குமூலம் 'கவ்லே பைசல்' (தீர்க்கமான சொல்) என்னும் பெயரால் புகழ்பெற்றது. குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை. அநீதியான ஆட்சியை அநீதி எனக் கூறுவது முஸ்லிம் ஒருவனின் சமயக் கடமை. அக்கடமை முஸ்லிம் ஆட்சியாளருக்கு எதிராகவும் நிறைவேற்றப்படவேண்டியது என விளக்கினார். சாக்ரடீசு, ஏசுநாதர், கலிலியோ ஆகியோர் நின்ற குற்றக்கூண்டின் வரிசையில் தம் கூண்டையும் வைத்துக் காட்டினார். பிப்ரவரியில் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆள்பவர் முஸ்லிமா அல்லரா என்பது இவ்வுரையில் அளவுகோலாகவே இல்லை. ஆட்சி நீதியானதா என்பதே அளவுகோல். ஆக்ராவில் அண்டை வீட்டாரோடு உள்ள உறவு வரையறுக்கப்பட்டது. கொல்கத்தா நீதிமன்றத்தில் அரசோடு உள்ள உறவு வரையறுக்கப்பட்டது. இரண்டையும் இணைத்து நோக்கும்போதுதான் ஆசாத்தின் அரசியல் சிந்தனை முழுமை பெறுகிறது.

8. சிந்தனையின் எல்லைகள்

இத்தகைய சிந்தனை பிறந்த நகரிலேயே 1926 ஏப்ரலில் வகுப்புக் கலவரம் மூண்டது. சித்தரஞ்சன் தாஸ் 1923இல் உருவாக்கிய இந்து – முஸ்லிம் உடன்பாடு அவர் மறைவுக்குப் பின் கைவிடப்பட்டது. 1946 ஆகஸ்டு 16ஆம் நாள் தொடங்கிய படுகொலையில் சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உடன்படிக்கைச் சிந்தனை ஏன் மக்களிடம் வேரூன்றவில்லை என்பதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, மொழி. ஆசாத் உருதுவில் எழுதினார். வங்காள முஸ்லிம்களில் பெரும்பாலோர் வங்காளம் பேசும் உழவர். 1882இல் கல்விக் குழுவின் முன் அப்துல் லத்தீப், மேல்தட்டு முஸ்லிம்களுக்கு உருதுவும் கீழ்த்தட்டினருக்கு வங்காளமும் எனக் கல்வி மொழியைப் பிரித்துக் கூறியமை இங்கு நினைக்கத்தக்கது. 1911இல் கொல்கத்தாவில் தோன்றிய வங்காள முசல்மான் இலக்கியச் சங்கமும், காஜி நஸ்ருல் இஸ்லாமின் படைப்புகளும் வங்காள மொழிவழி வேறொரு தடத்தில் சென்றன. தமிழ்நாட்டு நிலையோடு இதனை ஒப்பிடலாம். 'சீறாப்புராணம்' முதலாகத் தமிழே தமிழ் முஸ்லிம்களின் சமய இலக்கிய மொழியாக விளங்கிற்று. 20ஆம் நூற்றாண்டில் பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' இதழ் சீர்திருத்த விவாதங்களைத் தமிழிலேயே நடத்தியது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர் முஸ்லிம் லீக் தலைவர் முகம்மது இஸ்மாயில். சிந்தனையும் மக்களும் ஒரே மொழியில் சந்திக்கும் வாய்ப்பு கொல்கத்தாவில் குறைவாகவே இருந்தது.

இரண்டாவது, நிலம். தூது மியான் எழுப்பிய நிலவுரிமைச் சிக்கலுக்கு நகரத்துச் சிந்தனையில் இடமில்லை. அதனைப் பின்னர் அரசியலாக்கியவர் பஸ்லுல் ஹக். 1937 தேர்தலில் அவரது உழவர் – குடிகள் கட்சி சோறும் பருப்பும் தருவதாகக் கூறி வாக்குக் கேட்டது. அவரே 1940இல் லாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்தார் என்பதிலிருந்து, உழவரின் குறை எத்திசையில் திருப்பப்பட்டது என்பதை உணரலாம். நிலக்கிழாரில் பலர் இந்துக்களாகவும் குடியானவரில் பலர் முஸ்லிம்களாகவும் இருந்த நாட்டில், நிலத்தைப் பேசாத உடன்படிக்கை பாதி உடன்படிக்கையே.

மூன்றாவது, பெண்கள். மேற்கண்ட விவாதங்கள் எவற்றிலும் பெண் ஒரு தரப்பாக இல்லை. இக்குறையை உணர்த்தியவர் பேகம் ருக்கையா. 1911 மார்ச்சில் அவர் கொல்கத்தாவில் 8 மாணவியரோடு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்; 1916இல் முஸ்லிம் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவினார். சமயத்தின் பெயரால் ஆண்கள் வகுத்த கட்டுப்பாடுகளைச் சமயமே என்று கொள்வதை அவர் தம் எழுத்துகளில் கேள்விக்குள்ளாக்கினார். முஸ்லிம் சமூகத்தின் அரசியல் இழிநிலைக்குக் காரணங்களுள் ஒன்று அதன் வீட்டுக்குள்ளேயே உள்ளது என்பதை அவர் பணி புலப்படுத்தியது.

9. இன்றைய அரசியல் சிக்கல்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்க மக்களில் 27 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, அரசுப் பணிகளில் அவர்தம் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட மிகக் குறைவு என வெளிப்படுத்தியது. கலவரங்களின்றி நெடுங்காலம் பாதுகாப்பாக வாழ்ந்தமையும் கல்வி, வேலைவாய்ப்பில் பின்தங்கியமையும் அம்மாநிலத்தில் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. பாதுகாப்பை மட்டும் பெற்றுப் பங்கைப் பெறாத இந்நிலை, 1870இன் விவாதத்தில் 'பாதுகாப்பு அளிக்கப்பட்டோர்' எனச் சுட்டப்பட்ட நிலையை நினைவூட்டுகிறது.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தார்க்குக் குடியுரிமை பெற அது வழிவகுத்தது. முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அண்டை நாடுகளில் துன்புறும் சிறுபான்மையினருக்கே இச்சட்டம். இந்தியக் குடிமக்கள் எவரின் உரிமையையும் இது பறிக்காது என அரசு விளக்கியது. சமயத்தைக் குடியுரிமைக்கு அளவுகோலாக்குவது அரசமைப்பின் சமத்துவக் கொள்கைக்கு முரண் என எதிர்ப்பாளர் வாதிட்டனர். 2024 மார்ச்சில் இதற்கான விதிகள் வெளியாயின. 2020 ஜனவரியில் கொல்கத்தாவின் பார்க் சர்க்கஸ் திடலில் முஸ்லிம் பெண்கள் முன்னின்று நடத்திய தொடர் அமர்வுப் போராட்டம், கொரோனா பெருந்தொற்று வந்த மார்ச்சு வரை நீடித்தது. அங்குத் தேசியக் கொடியும் அரசமைப்பின் முகப்புரையும் போராட்டத்தின் அடையாளங்களாயின.

இந்நிகழ்வைக் கொல்கத்தாவின் சிந்தனை வரலாற்றோடு பொருத்திக் காண்பது பயனுடையது. பார்க் சர்க்கஸ் பெண்கள் ஆள்பவரின் சமயத்தைப் பற்றிய வினாவை எழுப்பவில்லை. மக்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட அரசமைப்பை ஓர் உடன்படிக்கையாக முன்வைத்து, அதில் தாமும் ஒரு தரப்பினர் என்றனர். ருக்கையா காலத்தில் பேசவே இடம்பெறாத பெண்கள் அவ்வுடன்படிக்கையின் பெயரால் பேசினர் என்பதும் நோக்கத்தக்கது.

முடிவுரை

கொல்கத்தாவில் 1870 முதல் 1922 வரை இஸ்லாமிய அரசியல் சிந்தனை, ஆள்பவரை நோக்கிய வினாவிலிருந்து அயலாரை நோக்கிய வினாவிற்கு இடம்பெயர்ந்தது. கராமத் அலியிடம் சட்டப் பிரிவாகவும், அமீர் அலியிடம் நாகரிக வரலாறாகவும், ஆசாத்திடம் உடன்படிக்கையாகவும் அது வடிவெடுத்தது. ஹிஜ்ரத்தின் துயரம் இம்மாற்றத்தின் தேவையை உணர்த்தியது. உருது மொழியின் எல்லை, நிலச்சிக்கலைப் புறக்கணித்தமை, பெண்களை விலக்கியமை ஆகியன அச்சிந்தனை மக்களிடம் வேர்கொள்வதைத் தடுத்தன.

உடன்படிக்கை என்பது இரு தரப்பினர்க்குரியது. ஆசாத் 1921இல் முஸ்லிம்களை நோக்கி, இந்துக்களோடு உடன்படுதல் உங்கள் சமயக் கடமை என்றார். அவர் தம் தரப்பின் கடமையையே பேசினார். மறுதரப்பின் கடமையை அவர்தம் நல்லெண்ணத்திற்கு விட்டுவைத்தார். குடியுரிமை, பிரதிநிதித்துவம், வேலைவாய்ப்பு எனும் இன்றைய சிக்கல்கள் யாவும் அம்மறுதரப்பைப் பற்றியனவாகவே உள்ளன. ஒரு சமயத்தார் தம் மறைநூலிலிருந்தே பன்மைக்கு இடம் கண்டபின், அவ்விடத்தை நாடு அவர்க்கு அளிக்கிறதா என்பதை இறையியல் தீர்க்க இயலாது. அரசமைப்பும் அதனைக் காக்கும் மக்களுமே தீர்க்கவேண்டும். கொல்கத்தாவின் அரை நூற்றாண்டுச் சிந்தனை வரலாறு இன்றைய வாசகருக்கு உணர்த்தும் செய்தி இதுவேயாகும்.